எல்லாரும் தூக்கிக் காட்டுங்க

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் மைக் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். மாடி வராந்தாவின் ஒரு கோடியில் அவள் பாடம் நடத்தினால், மறு கோடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அறிவியல் இலவசமாகக் கிடைக்கும். காலையில் மைதானத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தும்போது கரண்ட் போய்விட்டால் தலைமை ஆசிரியர் ஒலிபெருக்கியைத் தேடமாட்டார், அவளைத்தான் தேடுவார். பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் இல்லை. உள்ளூர ஒரு பெருமைகூட.

பாடம் நடத்துவது என்றால் அவளுக்குப் பேசுவதுதான். மணி அடித்ததும் தொடங்கி அடுத்த மணிவரை பேசுவாள். நன்றாகவே பேசுவாள். உதாரணம் சொல்வாள், சிரிக்க வைப்பாள், நடுநடுவே "புரிஞ்சுதா?" என்று கேட்பாள். முன் பெஞ்சிலிருந்து ஐந்தாறு குரல்கள் "புரிஞ்சுது டீச்சர்" என்று வரும். அவள் மேலே போவாள். பின் பெஞ்சுக்காரர்களை அவள் திட்டியதில்லை. எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டு மானத்தை வாங்கியதும் இல்லை. எந்த வகுப்பிலும் நாலு பேர் அப்படித்தான் இருப்பார்கள், அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவாள். அதைக் கருணை என்றே நினைத்திருந்தாள்.

தொண்டை கரகரக்க ஆரம்பித்தபோது சளி என்று நினைத்தாள். வெந்நீர் குடித்தாள். விடுமுறையில் சரியாகிவிடும் என்றாள். விடுமுறை வந்தது, போனது, கரகரப்பு மட்டும் போகவில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்பவர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "இது தேய்மானச் சத்தம் இல்ல. நாளைக்கு லீவு போடு, டாக்டர்கிட்ட போறோம்" என்றார். எதற்கும் 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிடும் மனிதர் அப்படி முடிவாகப் பேசியதும் அவள் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். குரல்வளையில் ஒரு பக்கத்துக் குரல் நாணில் புற்று. ஆரம்பத்திலேயே பிடித்தாயிற்று, அந்த நாணை வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு போய்விடும் என்றார் டாக்டர். சின்ன வயதுப் பெண். பொய் ஆறுதல் சொல்லத் தெரியாதவர்.

"உயிருக்குப் பயமில்லம்மா. குரல் மட்டும் பழையபடி வராது. காத்து மாதிரிதான் வரும்."

"நான் டீச்சர்" என்றாள் அவள்.

டாக்டர் தலையை ஆட்டினார். கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே நடைபாதையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கட்டு பிரித்து, பேசலாம் என்று சொன்ன அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, காற்று வந்தது, சொல் பாதிதான் வந்தது. ஊமை கண்ட கனா என்பார்களே, அப்படி எல்லாம் உள்ளேயே நின்றது. வீட்டில் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பக்கத்து அறைக்குக் கேட்காது. போனில் அவள் அக்கா "ஹலோ, ஹலோ, லைன் சரியில்ல போலிருக்கு" என்று வைத்துவிடுவாள், பிறகு ஞாபகம் வந்து திரும்பக் கூப்பிட்டு அழுவாள். கணவரைக் கூப்பிட அவள் தட்டில் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். ஒரு தட்டு என்றால் வாங்க, இரண்டு தட்டு என்றால் சீக்கிரம் வாங்க. "லிஃப்ட்ல மணி அடிச்சாத்தான் ஓடுவேன், இப்ப வீட்லயும் மணியாச்சு" என்று அவர் சிரிப்பார். சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்.

மகள் ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அம்மா துண்டுக் காகிதங்களில் எழுதி எழுதி நீட்டுவதைப் பார்த்து, வெள்ளைத் தாள் ஒன்றை லேமினேஷன் போட்டு, ஒரு மார்க்கர் பேனாவோடு கொண்டுவந்து கொடுத்தாள். எழுதலாம், துணியால் துடைக்கலாம், மறுபடி எழுதலாம். அது அவள் கையிலேயே இருந்தது.

மருத்துவ விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனபோது தலைமை ஆசிரியர் அவளை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசுபவர். நூலகத்துக்கு ஆள் இல்லை, அலுவலகத்தில் மதிப்பெண் வேலை மலைபோல் கிடக்கிறது, அவளைப் போல அனுபவம் உள்ளவர் அங்கே இருந்தால் பள்ளிக்கே பெரிய உதவி என்று எங்கெங்கோ போய்வந்தார். அவள் தாளில் எழுதிக் காட்டினாள்: 'என் வகுப்பு வேணும் சார்.' அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பார்க்கலாம் என்றார். பிள்ளைகள் படிப்பு பாழாகக் கூடாது, அது மட்டும்தான் தன் கவலை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

கணவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி வாங்கித் தந்திருந்தார். முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு போனாள். அவளுடைய காற்றுக் குரல் அதில் ஏறியதும் பேய்ப்படத்தில் வரும் மூச்சுச் சத்தம் போல வகுப்பெல்லாம் இரைந்தது. முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு மொத்த வகுப்பும். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவள் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள். முதுகைத் திருப்பியதும் பேச்சு கிளம்பியது. திரும்பி வாயில் விரலை வைத்தாள், அடங்கியது. மறுபடி எழுதினாள், மறுபடி கிளம்பியது. சந்தைக்கடை ஆனது வகுப்பு. பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று ஓர் அதட்டல் போட்டார். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. "ஏதாவதுன்னா சொல்லி அனுப்புங்க டீச்சர்" என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலுக்காகப் பிள்ளைகள் அடங்கியதை அவள் பார்த்தாள். ஒரு காலத்தில் தன் குரலுக்கும் இப்படித்தானே அடங்கினார்கள், பாடத்துக்காகவா அடங்கினார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த நேரத்தில் அது ஆறுதலாக இல்லை.

அன்றைக்கு வீட்டில், நூலகத்துக்கே போய்விடுகிறேன் என்று எழுதிக் காட்டினாள். கணவர் படித்துவிட்டு வழக்கம்போல, "உன் இஷ்டம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் பேச்சு வந்தது. எந்த நிறம் என்று அவள் எழுதிக் கேட்டாள். "எதுவானாலும் சரி" என்றார் கணவர், கேள்வி முடிவதற்குள். "அப்பாவுக்கு எதுவோ அதான்" என்றாள் மகள். பிறகு அவளுக்கே என்ன தோன்றியதோ, கடையிலிருந்து கொண்டுவந்த இன்னும் இரண்டு லேமினேஷன் தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். யாரும் யாருடையதையும் பார்க்கக் கூடாது, எழுதி முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும் என்றாள். தூக்கிக் காட்டினார்கள். கணவரின் தாளில் 'பச்சை மட்டும் வேண்டாம்' என்று இருந்தது.

வீடு முழுக்கப் பச்சை. கல்யாணமான புதிதில் அவள் ஆசைப்பட்டு அடித்தது, திரும்பத் திரும்ப அதே பச்சை.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?" என்று காற்றுக் குரலில் கேட்டாள்.

"நீ கேப்ப. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பதிலும் நீயே சொல்லிடுவ" என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும்தான் சிரித்தாள், சத்தமில்லாமல், தோள் குலுங்க. ஆனால் பாத்திரம் கழுவும்போது கை நின்றுவிட்டது. முன் பெஞ்சின் ஐந்தாறு குரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. மற்றவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்?

மகள் கடை முதலாளியிடம் கேட்டு, ஒரு பக்கம் அச்சாகி வீணாய்ப்போன தாள்களை எல்லாம் வாங்கி, வகுப்புக்கு ஆளுக்கொன்று லேமினேஷன் போட்டுக் கொடுத்தாள். எழுத ஆளுக்கொரு மார்க்கர், துடைக்க வீட்டுப் பழந்துணி.

திங்கட்கிழமை அவள் எதுவும் பேசவில்லை. தாள்களைக் கொடுத்தாள். பலகையில், 'நிலா ஏன் தேய்கிறது? எழுதலாம், வரையலாம். நான் கை தட்டும்வரை யாரும் காட்டக் கூடாது' என்று எழுதினாள். அந்தப் பாடத்தை அவள் வருஷா வருஷம் நடத்தியிருக்கிறாள். பிள்ளைகள் தேர்வில் சரியான வாக்கியத்தை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் அவள் விடுப்பில் இருந்தபோது பதிலுக்கு வந்த ஆசிரியையும் இதே பாடத்தை இந்த வகுப்புக்கு நடத்தி முடித்திருந்தாள்.

முன் பெஞ்சில் ஒரு பெண். எழுதுவதிலும் வேகம், பேசுவதிலும் வேகம், வகுப்பில் அவளுக்குப் புயல் என்று பெயர். கேள்வி காதில் விழுவதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். அன்றைக்கும் எழுதி முடித்துத் துள்ளிக்கொண்டிருந்தாள். டீச்சர் பொறு என்று கை காட்டினாள். காத்திருந்தாள். அவ்வளவு நேரம் வகுப்பில் யாரும் பேசாமல் இருந்தது டீச்சருக்கே பொறுக்கவில்லை. குரல் இருந்திருந்தால் பதிலைச் சொல்லியிருப்பாள். பிறகு கை தட்டினாள்.

தாள்கள் எழுந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள், கால்கள் அவளை அறியாமல் நின்றன. பூமியின் நிழல் நிலாமேல் விழுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, பாதி வகுப்புக்கு மேல். புயலும் அதையேதான் எழுதியிருந்தாள், அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. மேகம் மறைக்கிறது என்று சிலர். பின் பெஞ்சில் ஒருவன் நிலாவையும் சூரியனையும் வரைந்து நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அந்த வகுப்பிலேயே நேர்மையான பதில் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் தான் கேட்டது ஐந்தாறு குரல்களை மட்டும்தான். மற்றவர்கள் தலைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே பாடம் நடத்தி, தேர்ச்சியும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் தாளைத் தூக்கியபடியே இருந்தார்கள், கை வலிக்க.

ஒரே ஒரு தாள் வெறுமையாக இருந்தது. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்ணுடையது. பள்ளிக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் வேலை செய்யும் தம்பதியின் மகள். வேற்று மொழிக்காரர்கள். அவள் வந்து மாதங்கள் ஆகியும் வகுப்பில் அவளுக்குப் புதுசு என்றே பெயர். 'ஆமா', 'இல்ல', 'டீச்சர்' என்ற மூன்றுக்கு மேல் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வெற்றுத் தாளையும் எல்லாரையும் போலவே நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

மறுநாள் ஜன்னல்களைப் பழைய போர்வைகளால் மூடச் சொன்னாள். நடுவில் ஒரு விளக்கு. ஆளுக்கொரு குச்சியில் செருகிய பந்து. தன் தலைதான் பூமி, பந்துதான் நிலா, விளக்குதான் சூரியன். அவள் பந்தைக் கைநீட்டிப் பிடித்து மெல்லச் சுற்றிக் காட்டினாள், அவ்வளவுதான். பிள்ளைகள் இடித்துக்கொண்டும் தடுமாறிக்கொண்டும் சுற்றினார்கள். இருட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிலா வளர்ந்தது, தேய்ந்தது. யாரும் சொல்லாமலே சத்தம் குறைந்தது.

புதுசு விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பந்தைத் தலைக்கு மேலே தூக்கினாள், முழு நிலா. கொஞ்சம் இறக்கினாள். அவள் தலையின் நிழல் பந்தின் மேல் விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். பக்கவாட்டில் திரும்பினாள், பந்து பாதி வெளிச்சம் பாதி இருட்டு, அவள் நிழல் எங்கோ தரையில் கிடந்தது. அவள் சுற்றிலும் பார்த்து, பக்கத்தில் நின்ற புயலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பந்தைக் காட்டினாள், தரையில் கிடந்த நிழலைக் காட்டினாள்.

"நெழல்... இல்ல" என்றாள்.

புயல் வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். தானும் அப்படியே செய்து பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, அவள் வழக்கமான வேகத்தில் பாதிகூட இல்லாமல், "டீச்சர், நெழல் விழுந்தா அது கிரகணம். தேயறது வேற. வெளிச்சம் பட்ட பக்கத்தை நாம எங்கிருந்து பாக்கறோமோ, அதுதான்" என்றாள்.

டீச்சர் தலையை மட்டும் அசைத்தாள். போர்வைகளை எடுத்துவிட்டு எல்லாரையும் மறுபடி தாளில் எழுதச் சொன்னாள். எல்லாரும் சரியாக எழுதிவிடவில்லை. நிழலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் இப்போது யார் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசி வரிசைத் தாளில் ஒரு பந்து, பாதி கறுப்பு. கீழே அந்தப் பெண் தன் சொந்த மொழியில் ஏதோ ஒரு வரி எழுதியிருந்தாள். டீச்சருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அவள் அதைத் துடைக்கவிடாமல் வாங்கி மேசையில் சாய்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வகுப்பு ஒழுங்காக ஓடியது என்று சொன்னால் அது கதை. பல நாள் சொதப்பியது. தாளில் கார்ட்டூன் வரைந்து தூக்கினார்கள். மெதுவாக எழுதுபவர்களுக்காகக் காத்திருந்தால் வேகமானவர்கள் பக்கத்து ஆளை நோண்டினார்கள், அவர்களை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினாள். அவள் ஒரே கேள்வியை மூன்று படிகளாகப் பிரித்தாள். படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது முதல் படி, ஒரு வரியில் சொல்வது அடுத்தது, 'இப்படி இல்லாமல் அப்படி இருந்தால் என்ன ஆகும்' என்பது மேல்படி. யார் எந்தப் படி என்று அவள் சொல்லமாட்டாள். அவரவர் ஏறுகிற படிவரை ஏறலாம். முதல் படியிலேயே நிற்பான் என்று அவள் நினைத்திருந்தவன் சில நாள் மேல்படியில் நின்றான். அதில் அவள் கணக்கு தப்பிக்கொண்டே இருந்தது, அதற்காக அவள் வருத்தப்படவில்லை. கத்தி அடக்க முடியாததால், கோபம் வந்தால் போய் அந்தப் பெஞ்சில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அதட்டலைவிட அது நன்றாக வேலை செய்தது. அவள் பேசும்போது காது கொடுத்தால்தான் கேட்கும் என்பதால் பிள்ளைகள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். எப்போதும் அல்ல, சில நேரம்.

புயலின் அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். தலைமை ஆசிரியர் அறையில், அவள் எதிரிலேயே, மரியாதை குறையாமல் ஆனால் அழுத்தமாகப் பேசினார். வகுப்பில் படம் வரைகிறார்கள், பந்து சுற்றுகிறார்கள், குறிப்பே கொடுப்பதில்லை என்று கேள்விப்பட்டாராம்.

"டீச்சருக்கு வந்த கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கறேன். எம் பொண்ணு முடிச்சதும் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுன்னு அனுப்பறீங்க. அவ இங்க படிக்க வர்றாளா, டியூஷன் எடுக்க வர்றாளா?"

தலைமை ஆசிரியர் பதிலுக்கு வாயெடுத்தார். அவள் கையால் தடுத்தாள். அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்திருந்தது, ஏனென்றால் அது உண்மை. பின் பெஞ்சைத் தூக்கிவிடும் அவசரத்தில் முன் பெஞ்சை ஏணியாக்கியிருந்தாள். வேகமான பிள்ளை என்றால் அவளுக்குத் தன் உதவி வேண்டாம் என்று நினைத்ததும், பின் பெஞ்சைத் தொந்தரவு செய்யாமல் விட்டதும் ஒரே குணம்தானே. அவள் சொன்னது கேட்க அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு குனிய வேண்டியிருந்தது.

"நீங்க சொல்றது நியாயம். அவளுக்குப் போதாத பாடத்தை நான் குடுத்திருக்கேன். அதைச் சரி பண்றேன். ஆனா தனியா உக்கார வைக்கமாட்டேன். நிலாப் பாடத்துல அவ தப்பா எழுதியிருந்தா. எடுத்துக் காட்டினது கடைசி வரிசைப் பொண்ணு. அதை வீட்ல கேளுங்க."

கேட்டாரோ என்னவோ, மறுபடி அவர் வரவில்லை. அவள் புயலுக்கென்று உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தாள். சந்தையில் வாங்கிய கண்ணாடிச் சில்லுகள், உடைந்த கடிகாரம், 'நிலாவில் நின்று பார்த்தால் பூமி தேயுமா?' என்பது போன்ற கேள்விகள். அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கேள்வி மறுநாள்வரை நீண்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பதிலோடு, சிவந்த கண்ணோடு வந்தாள்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் தலைமை ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை அவருக்கும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அவளோடு நடந்தார். "பக்கத்துல இருந்த பொண்ணு, சார் நீங்க இன்னும் எழுதலன்னு சொல்லுச்சு. இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனையோ வகுப்புல போய் உக்காந்திருக்கேன் டீச்சர். சும்மா உக்கார முடியாமப் போனது இன்னிக்குத்தான்" என்றார். தேர்வு முடிவு ஒரேயடியாக உயர்ந்துவிடவில்லை. குறிப்பை மனப்பாடம் செய்து பழகிய சிலருக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. எப்போதும் வெற்றுத்தாள் கொடுக்கும் பிள்ளைகள் இந்த முறை ஏதோ எழுதியிருந்தார்கள், பாதி சரியாக. வகுப்பு அவளுக்கே என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்த் தட்டை மூன்று முறை தட்டினாள். மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் வைத்திருக்கவில்லை, ஆனாலும் கணவருக்குப் புரிந்தது.

புதுசு அதற்குள் வாக்கியம் பேசக் கற்றிருந்தாள். பாதி நம் மொழி, பாதி கை. தன் மொழியில் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள், வகுப்பே நிலாவை இரண்டு பெயரில் கூப்பிட்டது. கோடைக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவள் இடம் காலியாக இருந்தது. செவ்வாயும் அப்படியே. டீச்சர் மதிய இடைவேளையில் எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். கட்டடம் முடிந்திருந்தது, கண்ணாடி ஜன்னல்களில் ஒட்டுத்தாள்கூடக் கிழிக்கவில்லை. காவலாளி அவள் சொன்னது கேட்காமல் இரண்டு முறை "என்னம்மா?" என்றார். பிறகு, அந்த ஆட்கள் எல்லாரும் வேலை முடிந்து லாரியில் ஏறிப் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று மேஸ்திரிக்குத்தான் தெரியும், அவரும் போய்விட்டார் என்றார். தகரக் கொட்டகைகள் இருந்த இடத்தில் செங்கல் அடுப்பின் கரி மட்டும் கிடந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கக்கூட அவளிடம் குரல் இல்லை. இருந்திருந்தாலும் கேட்க அங்கே யாரும் இல்லை.

மாற்றுச் சான்றிதழ் வாங்க யாரும் வரவில்லை. வருகைப் பதிவில் சில நாள் கழித்து அலுவலகத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த ஊரில் அவளை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள், வைப்பார்களா, அங்கே யாராவது அவள் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்களா என்று டீச்சர் பல நாள் யோசித்தாள். கணவரிடம் சொன்னபோது அவர் 'உன் இஷ்டம்' என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கோடை விடுமுறையில் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். நோய் திரும்பவில்லை. இனி, வெட்டிய இடத்தில் சின்ன சிலிக்கோன் துண்டு ஒன்றை வைத்து, மீதி நாணோடு சேரும்படி செய்தால் ஓரளவு குரல் வரலாம். பழைய குரல் இல்லை, ஆனால் குரல். அவள் தயங்கினாள், மகள்தான் பிடிவாதமாகச் சம்மதிக்க வைத்தாள். செய்தார்கள். கட்டையான, தேய்ந்த குரல் ஒன்று வந்தது. அவள் அக்கா போனில் அதைக் கேட்டு, யாரோ ஆண்பிள்ளை பேசுகிறான் என்று நினைத்து "யாருங்க நீங்க?" என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள்.

புது வருஷம், புது ஏழாம் வகுப்பு. முதல் நாள் அவள் பேசினாள். பேச முடிகிறது என்ற சந்தோஷத்தில் உதாரணம் சொன்னாள், கதை சொன்னாள், மணி அடித்தபோதுதான் நின்றாள். தாள்கள் பையிலேயே கிடந்தன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அழகாகக் கேட்டார்கள். "புரிஞ்சுதா?" என்றாள். முன் பெஞ்சிலிருந்து, "புரிஞ்சுது டீச்சர்" என்று ஐந்தாறு குரல்கள்.

வீட்டுக்கு வரும் பேருந்தில் அவளுக்குத் தொண்டை எரிந்தது. அதைவிட வேறு ஏதோ எரிந்தது.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் தாள்களைக் கொடுத்தாள். பலகையில் ஒரு கேள்வி எழுதினாள். ஒரு பையன் உடனே கையைத் தூக்கி, சொல்லிவிடட்டுமா என்று துடித்தான். பின்னால் ஒரு பெண் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. இப்போது அதைச் சொல்லக் குரலும் இருந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அந்தப் பெண் மூடியை எடுத்துவிட்டு எழுத ஆரம்பிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.